வாசகர் கேள்வி–பதில்: தண்ணீரை வடித்துவிட்டால் நிலத்துக்கு என்ன ஆகும்?

சென்ற இதழில் காட்டுத்தீ பற்றிய ஒரு பதிலில், போகிற போக்கில், "சில இடங்களில் மரம் மட்டுமா, மண்ணே எரியும், மாதக்கணக்கில் எரியும்" என்று ஒரு வரி எழுதிவைத்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் அங்கிருந்து கிளம்பிச் சதுப்பு, ஈரநிலம், பாசி, மீத்தேன் என்று எங்கெங்கோ போய்விட்டார்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

கே: மண் எரியும் என்கிறீர்கள். கேட்கிறவன் கேனையன் என்று நினைத்துவிட்டீர்களா?

ப: கோபிக்காதீர்கள், உண்மையாகவே எரியும். ஆனால் அது நாம் வயலில் பார்க்கிற மண் இல்லை. பீட் என்று பெயர். நிலக்கரி ஆவதற்கு முந்தைய பருவம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

நீர் வருஷம் முழுக்கத் தேங்கி நிற்கும் இடத்தில் செடி செத்து விழுந்தால் அது முழுசாக மக்காது. மக்கவைக்கிற நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும்; தண்ணீருக்குள் ஆக்சிஜன் இறங்குவதோ மகா மெதுவாக; வந்து சேர்கிற கொஞ்சமும் மேலடுக்கிலேயே தீர்ந்துபோகும். அதனால் அரைகுறையாக மக்கிய தண்டும் வேரும் பாசியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டே போகும். எவ்வளவு வேகத்தில்? ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் சேர ஆயிரம் ஆண்டு. பத்தாயிரம் ஆண்டாக இப்படிச் சேர்ந்துகொண்டிருக்கும் நிலங்கள் உலகில் ஏராளம். நிலப்பரப்பில் இவற்றின் பங்கு சுமார் 3 சதவீதம்தான், ஆனால் அதற்குள் இருக்கும் கார்பன் உலகத்துக் காடுகள் அத்தனையிலும் மரமாக நிற்பதைவிட அதிகம்.

ஈரமாக இருக்கும்வரை இதில் தீ பிடிக்காது, எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தானே. வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால்தான் வினை. காய்ந்த பீட் எரிபொருள். பல நாடுகளில் அதை வெட்டிக் காயவைத்து அடுப்பில் போட்டுத்தான் குளிர்காய்ந்தார்கள். அதில் தீ பிடித்தால் சுவாலை பெரிதாகத் தெரியாது. நீறு பூத்த நெருப்பாக உள்ளேயே கனன்று பக்கவாட்டில் நகரும், மேலே மழை பெய்தாலும் கீழே சாகாது. சில நாள் கழித்துச் சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் புகை கிளம்பும்.

இந்தோனேசியாவில் நடந்ததுதான் இதற்குப் பாடம். மத்தியக் கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் பீட் சதுப்புக்காட்டை நெல்வயலாக்குவதென்று 1996-ல் தொடங்கினார்கள். 4,000 கிலோமீட்டருக்கும் மேல் வாய்க்கால் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. அமிலம் மிகுந்த, சத்தே இல்லாத பீட்டில் நெல் எங்கிருந்து விளையும்? 1999-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள், ஆனால் வாய்க்கால்கள் அப்படியே கிடந்தன. இடையில் 1997-ல் எல் நினோ வறட்சி வந்தது. அந்த ஒரு வருஷம் இந்தோனேசியப் பீட் நெருப்பில் வெளியேறிய கார்பன், உலகம் முழுக்க ஓராண்டில் பெட்ரோல், நிலக்கரி, எரிவாயு எரித்து வெளியேறுகிற கார்பனில் 13 முதல் 40 சதவீதத்துக்குச் சமம் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். இடைவெளி பெரிதுதான். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் தலை சுற்றுகிறது.

வெப்ப நாடுகளின் கதை இது என்று விட்டுவிட வேண்டாம். 2010 கோடையில் மாஸ்கோ நகரம் புகையில் மூச்சுத் திணறியது. அந்தப் புகையில் கணிசமான பங்கு, எரிபொருளுக்காக எப்போதோ வடித்துவிட்டு மறந்துபோன பீட் நிலங்களிலிருந்து வந்தது. அதன் பிறகு அங்கே செய்த வேலை என்ன தெரியுமா? பல்லாயிரம் ஹெக்டேரில் தண்ணீரைத் திருப்பி விட்டார்கள்.

கே: பாக், ஃபென் இரண்டும் ஒன்றுதானா? தேர்வுக்குப் படிக்கிறேன், ஒவ்வொரு இணையதளமும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறது. (ஒரு கல்லூரி மாணவி)

ப: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேளுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

மழையை மட்டுமே நம்பி வாழ்வது பாக். நிலத்தடி நீரோ ஓடையோ அதைத் தொடுவதில்லை, ஏனென்றால் பீட் வளர்ந்து வளர்ந்து சுற்றியுள்ள தரையைவிட மேடாகிவிட்டது. மழைநீரில் சத்து கிடையாது, அமிலத்தைச் சமன் செய்ய சுண்ணாம்பும் கிடையாது. அதனால் பாக்கின் தண்ணீர் பிஎச் 4-ஐ ஒட்டி இருக்கும். ஸ்பாக்னம் பாசி, சில குட்டைச் செடிகள், பூச்சியைப் பிடித்துத் தின்னும் பனித்துளிச் செடி மாதிரியானவை, அவ்வளவுதான் அங்கே தாக்குப்பிடிக்கும். மண்ணில் நைட்ரஜன் கிடைக்காத ஊரில் கொசுவைப் பிடித்தாவது தின்ன வேண்டியதுதான்.

ஃபென்னுக்கு நிலத்தடி நீர் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ வந்துகொண்டிருக்கும். பாறையையும் மண்ணையும் கடந்து வருவதால் கால்சியம் போன்ற தாதுக்களைச் சுமந்து வரும். அமிலம் குறைவு, கோரையும் புல்லும் பழுப்புப் பாசிகளும் பூச்செடிகளும் அதிகம். ஒரே சதுர மீட்டரில் இத்தனை இனமா என்று வியக்கும்படியான ஃபென்கள் உண்டு. பல பாக்குகள் ஒரு காலத்தில் ஃபென்னாக இருந்தவைதான். பீட் உயர உயர நிலத்தடி நீரின் பிடியிலிருந்து விலகி மழைக்கு மாறிக்கொண்டன.

இரண்டிலும் பீட் உண்டு. ஈரநிலம் என்பது இவற்றோடு அலையாத்தி, ஏரி, ஆற்றுச் சமவெளி எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பம். அதில் எல்லாவற்றிலும் பீட் இருக்காது. இதை மட்டும் எழுதிவிட்டு வந்தால் முழு மதிப்பெண்.

கே: ஒரு துக்கடாப் பாசியா இவ்வளவு பெரிய நிலத்தை உண்டாக்குகிறது? நம்ப முடியவில்லையே ஐயா.

ப: நுண்ணோக்கி கிடைத்தால் ஸ்பாக்னத்தின் ஓர் இலையை வைத்துப் பாருங்கள். மெல்லிய பச்சை உயிரணுக்கள் வலைப்பின்னலாக ஓடும்; அந்த வலையின் ஒவ்வொரு கண்ணிலும் நிறமே இல்லாத பெரிய, வெற்று உயிரணு ஒன்று உட்கார்ந்திருக்கும். அது செத்த அணு. உள்ளே ஒன்றுமில்லை, சுவரில் ஓட்டை, சுருங்கிவிடாமல் இருக்க உள்பக்கம் வளையம் வளையமாகத் தடிப்பு. செடியின் பெரும்பகுதி இந்த மாதிரிக் காலி அறைகள்தான், அத்தனையும் தண்ணீர் பிடித்துவைக்க. தன் உலர் எடையைப் போல இருபது மடங்கு வரைக்கும் பிடிக்கும். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் முழங்கை வரை வழியும்.

தண்ணீரைப் பிடித்துவைப்பது முதல் வேலை. அடுத்தது கொஞ்சம் வில்லத்தனம். தண்ணீரில் இருக்கிற கால்சியம், மக்னீசியம் அயனிகளை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடும்; சுற்றுப்புறம் அமிலமாகிவிடும், போட்டிச் செடிகள் வெளியேறிவிடும். இதன் உடலும் எளிதில் மக்காத பொருட்களால் ஆனது, மக்கவைக்கிற நொதிகளையும் தடுக்கிறது. வேர் கிடையாது, நுனி மேலே வளர்ந்துகொண்டே போகும், அடிப்பகுதி செத்துப் பீட்டாகிக்கொண்டே வரும். தனக்கு வேண்டிய நிலத்தைத் தானே கட்டிக்கொள்கிற செடி இது. முதல் உலகப்போரில் பஞ்சு தட்டுப்பாடு வந்தபோது இதே பாசியைப் பொறுக்கிக் காயவைத்துக் காயத்துக்குக் கட்டினார்கள்: ரத்தத்தை நன்றாக உறிஞ்சியது, அமிலத்தன்மையால் கிருமியும் அதிகம் அண்டவில்லை.

கே: சதுப்பில் இரண்டாயிரம் வருஷத்துப் பிணம் முகம் மாறாமல் கிடைத்ததாமே?

ப: ஆமாம், டோலுண்ட் மனிதன். 1950-ல் டென்மார்க்கில் பீட் வெட்டியவர்களின் கண்ணில் பட்டார். யாரோ இப்போதுதான் கொலை செய்து புதைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவு புதுசாக இருந்தது முகம். தாடையில் முளைத்திருந்த குறுமயிர் தெரிந்தது, தலையில் தோல் தொப்பி, கழுத்தில் பின்னிய தோல் கயிறு. இறந்து ஏறக்குறைய 2,400 ஆண்டு ஆகிறது. வயிற்றில் கடைசியாகக் குடித்த பார்லிக் கஞ்சி கூட மிச்சம் இருந்தது.

காரணம் மேலே சொன்னதேதான்: ஆக்சிஜன் இல்லை, அமிலம், குளிர், கூடவே பாசியிலிருந்து வரும் பொருட்கள் தோலைப் பதனிட்டுவிட்டன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமில பாக்கில் தோல் நிற்கும், எலும்பு கரைந்து மெலிந்துவிடும். அமிலம் இல்லாத பீட்டில் நேர்மாறு. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் விண்டோவரில் ஒரு குளத்தடிப் பீட்டில் ஏழாயிரம் ஆண்டுக்கும் முந்தைய எலும்புக்கூடுகள் கிடைத்தன. தோல் இல்லை, ஆனால் பல மண்டையோடுகளுக்குள் மூளைத் திசு இருந்தது.

பிணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மகரந்தம். ஒவ்வொரு ஆண்டும் காற்றில் வந்து விழுந்த மகரந்தத்தூள் அடுக்கடுக்காக அப்படியே இருக்கிறது. குழாய் இறக்கி ஒரு தூண் பீட்டை எடுத்தால், எந்த நூற்றாண்டில் எந்த மரம் இருந்தது, காடு எப்போது வெட்டப்பட்டது, பயிர் எப்போது வந்தது என்று படிக்கலாம். தண்ணீரை வடித்தால் அந்தப் பதிவேடும் சேர்ந்து மக்கும்.

கே: ஈரநிலம் என்றாலே கொசுப்பண்ணைதானே? அதை வேறு மீட்க வேண்டுமா?

ப: கொசுவே இருக்காது என்று சொன்னால் பொய். ஆனால் மீனும் தும்பியின் குஞ்சுகளும் நீர்வண்டுகளும் இருக்கிற ஆரோக்கியமான ஈரநிலத்தில் கொசுப்புழு பிழைப்பது கஷ்டம். டெங்கு பரப்பும் கொசு வேண்டுவது டயரிலும் தொட்டியிலும் தேங்கிய தண்ணீரை. பாதி வடித்து, கழிவுநீர் கலந்து, குட்டை குட்டையாகத் துண்டாகிப்போன நிலத்தில்தான் கொசு கொழிக்கும். அந்த நிலை மாறத்தான் மீட்பே.

கே: எங்கள் நண்பர்கள் குழு ஆர்வத்தோடு இருக்கிறோம். சும்மா கிடக்கும் சதுப்பில் மரக்கன்று நட்டால் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

ப: தயவுசெய்து வேண்டாம். ஆர்வத்துக்கு என் வணக்கம், ஆனால் வேண்டாம்.

பச்சையாக ஏதாவது நட்டால் நன்மைதான் என்கிற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. திறந்த சதுப்பு திறந்த சதுப்பாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடக்கு முனையில் ஃப்ளோ கன்ட்ரி என்று சுமார் 4,000 சதுர கிலோமீட்டர் பாக் நிலம் இருக்கிறது. 1980-களில் அங்கே ஊசியிலை மரம் நட்டால் வரிச்சலுகை என்று அறிவித்திருந்தார்கள். ஊரில் பெரிய வருமானக்காரர்கள் எல்லாம், அந்த நிலத்தைக் கண்ணால் கூடப் பார்க்காதவர்கள், வரி மிச்சம் பிடிக்க மரம் நட்டார்கள். நடுவதற்கு ஆழமாக உழுதார்கள், உழுத சாலெல்லாம் வடிகால் ஆனது, மரம் வேறு தன் பங்குக்குத் தண்ணீரை இழுத்து ஆவியாக்கியது. பீட் காய்ந்து சுருங்கி வெடித்தது. வெட்டவெளியில் முட்டையிடும் உப்புக்கொத்தி, உள்ளான் வகைப் பறவைகள் மரவரிசைக்கு அருகில் கூட வருவதை விட்டுவிட்டன, அந்த மறைவில் நரியும் காக்கையும் இருக்குமே. 1988-ல் சலுகை ரத்து. பிறகு, 1990-களிலிருந்து, அதே மரங்களை வெட்டிச் சாய்த்துச் சால்களை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இயற்கை ஆர்வலர்கள் மரம் வெட்டுகிற காட்சியைப் பார்த்து முதலில் குழம்பாதவர் இல்லை. அந்த நிலம் 2024-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

மரம் இயற்கையாகவே நிற்கிற சதுப்புகள் உண்டு. இந்தோனேசிய, காங்கோ பீட் நிலங்கள் காடுகள்தான். அங்கே பீட்டே மரத்தின் வேரும் கிளையும் மக்கி ஆனது. அங்கே வெட்டிய மரத்தை மறுபடி நடலாம், அந்த ஊர்ச் சதுப்பு மரமாக. அதையும் தண்ணீரைத் திருப்பிய பிறகே.

உங்கள் குழுவுக்கு வேலை வேண்டுமென்றால் முதலில் ஒரு வருஷம் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். பக்கவாட்டில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை நிலத்தில் செருகிவைத்து, உள்ளே தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறதென்று வாரம் ஒருமுறை அளவுகோல் விட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். புகைப்படத்துக்கு நன்றாக இருக்காது. ஆனால் அந்த நோட்டு இல்லாமல் ஆரம்பிக்கிற மீட்பு வேலை முக்கால்வாசி குருட்டடி.

கே: சரி, மீட்பு மீட்பு என்கிறீர்கள். களத்தில் இறங்கி என்னதான் செய்வார்கள்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ப: படிப்படியாகச் சொன்னால் ஏதோ செய்முறைக் குறிப்பு போல ஆகிவிடும், ஒவ்வொரு நிலமும் ஒவ்வொரு விதம். ஆனால் பெரும்பாலான பாக்குகளில் வேலை வாய்க்காலில் தொடங்கும்.

அகலமான சங்கிலிப் பட்டை போட்ட பொக்லைன் இறங்கும். சாதாரண வண்டி என்றால் புதைந்துவிடும். வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே மேலே உள்ள பாசித் தோலை முதலில் உரித்துத் தனியாக வைப்பார்கள். அப்புறம் அதற்கடியில் இருக்கும் கறுத்த, நன்றாக மக்கிய, ஈரமான பீட்டை எடுத்து வாய்க்காலில் போட்டு அழுத்துவார்கள். ஏன் அந்தக் கறுப்புப் பீட்? மேலே இருக்கும் நாரான பீட்டில் தண்ணீர் சுலபமாகப் புகுந்துவிடும், கீழே உள்ளதில் கிட்டத்தட்டப் புகவே புகாது. காய்ந்த பீட்டை வைத்து அணை போட்டால் விரிசல் விட்டு முதல் மழையிலேயே ஒழுகும். அணையைத் தரைமட்டத்தைவிடக் கொஞ்சம் உயர்த்தி, வாய்க்காலைவிட அகலமாக, இரு கரைக்குள்ளும் செருகினாற்போல் கட்டி, கடைசியில் உரித்துவைத்த பாசித் தோலைப் போர்த்திவிடுவார்கள். ஒரே அணை போதாது. கீழணையில் தேங்கும் தண்ணீர் மேலணையின் அடிவரை எட்ட வேண்டும், அந்தக் கணக்கில் சரிவுக்கு ஏற்ப வரிசையாகக் கட்டிக்கொண்டே போக வேண்டும். சரிவு கூடினால் அணைகள் நெருங்கும். பெரிய வாய்க்கால் என்றால் மரப்பலகையோ பிளாஸ்டிக் தகடோ இறக்குவார்கள்.

குறி என்னவென்றால், தண்ணீர் தரைக்கு ஒட்டினாற்போல், சுமார் பத்து சென்டிமீட்டருக்குள், வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் நிற்க வேண்டும். ஏரியாக்கிவிடக் கூடாது. அணை கட்டினோம், தண்ணீர் தளும்புகிறது என்று படம் பிடித்துப் போடுகிறவர்கள் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறார்கள், சில சமயம் கெடுத்தும் இருப்பார்கள். ஆழத் தண்ணீரில் பாசி நிலைக்காது.

பீட் வெட்டி எடுத்து மொட்டையாக விட்ட நிலத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது, அங்கே விதையும் இல்லை பாசியும் இல்லை. கனடாவில் இதற்கு ஒரு முறையைப் பல ஆண்டு முயன்று உருவாக்கினார்கள், லாவல் பல்கலைக்கழகத்தின் லின் ரோஷ்ஃபோர்ட் குழு அதில் முன்னோடி. பக்கத்தில் உயிருள்ள பாக்கின் மேல்தோல் பத்து சென்டிமீட்டரை இயந்திரத்தால் துருவி எடுத்து, அதைப்போல் பத்து மடங்கு பரப்பில் மெல்லிசாகத் தூவுவார்கள். ஸ்பாக்னம் துண்டு துண்டானாலும் துளிர்க்கும், அதுதான் இதன் அடிப்படை. மேலே ஹெக்டேருக்கு மூன்று டன் போல வைக்கோல் பரப்புவார்கள், வெயிலுக்கும் காற்றுக்கும் மறைவாக. வைக்கோலில் சிக்கனம் பிடித்தால் பாசி கருகிவிடும். வாய்க்காலையும் அடைத்துவிடுவார்கள். கியூபெக்கில் புவா-தெ-பெல் என்ற இடத்தில் சுமார் 8 ஹெக்டேரில் 1999-ல் இப்படிச் செய்தார்கள். ஏறக்குறைய 14 ஆண்டு கழித்து அளந்தபோது அந்த நிலம் வெளிவிடுவதைவிட அதிகமாகக் கார்பனை உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. கொடையாகத் தந்த நிலத்திலும், பக்குவமாக எடுத்தால், பாசி மறுபடி வளர்ந்துவிடும்.

மேட்டுநிலங்களில் காற்றும் மழையும் அரித்து வெறும் கறுப்பாகக் கிடக்கும் பீட்டில் பாசியை நேரடியாகத் தூவினால் அடித்துக்கொண்டு போய்விடும். முதலில் அரிப்பை நிறுத்த வேண்டும்; ஓடைகளில் தென்னை நார்ச் சுருள்களை உருட்டிவைத்து, தரையில் வெட்டிய புதர்க்குச்சிகளைப் பரப்பி, கொஞ்சம் சுண்ணாம்பும் உரமும் போட்டுத் தாதிப் புல் வளர்ப்பார்கள். அது பிடித்த பிறகு மற்றவை.

ஃபென் இதைவிடச் சள்ளை. தண்ணீர் மட்டும் வந்தால் போதாது, சரியான தண்ணீர் வர வேண்டும். மேட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தால் கீழே ஊற்று எங்கிருந்து வரும்? வயல் உரம் கலந்த ஓடைநீரைத் திருப்பிவிட்டால் சம்பும் நாணலும் மட்டும் ஆளுயரத்துக்கு வளர்ந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் சில இடங்களில் உரம் ஊறிய மேல்மண்ணையே வழித்து எடுத்துவிடுகிறார்கள், சில இடங்களில் ஆண்டுதோறும் அறுத்து அறுத்துச் சத்தைக் குறைக்கிறார்கள். வேலி போட்டுவிட்டுச் சும்மா விட்டால் எல்லாம் தானாகத் திரும்பும் என்பது இங்கே செல்லாது.

கே: தண்ணீர் கட்டினால் மீத்தேன் வரும், அது கார்பன் டை ஆக்சைடைவிட மோசம் என்று என் மருமகன் வாதாடுகிறான். அவனுக்கு என்ன பதில் சொல்ல?

ப: மருமகன் படித்திருக்கிறார். மீத்தேன் வருவது உண்மை, முதல் சில ஆண்டுகள் அதிகமாகவே வரும், அதுவும் புல் மண்டிய நிலத்தை அப்படியே முழுகடித்தால் அந்தப் புல் அழுகி நிறைய வரும். கோரை வகைகளின் தண்டுக்குள் காற்றுக்குழாய் இருக்கும், அதன் வழியாகவும் மீத்தேன் நேராக வெளியே போய்விடும்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் அவர் எழுத வேண்டும். மீத்தேன் காற்றில் சுமார் பன்னிரண்டு ஆண்டுதான் தங்கும். வந்துகொண்டே இருந்தாலும் ஓர் அளவில் நின்றுவிடும். வடித்த பீட்டிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும், ஆண்டுக்காண்டு மேலே மேலே ஏறிக்கொண்டே போகும், பீட் தீரும்வரை நிற்காது. குளிர்நாட்டில் வடித்து உழவு செய்யும் ஒரு ஹெக்டேர் பீட்டிலிருந்து ஆண்டுக்கு 25–30 டன் கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிறது. மீத்தேனுக்குப் பயந்து தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் இதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அப்புறம், நீர்மட்டத்தைத் தரைக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால், மேலடுக்குப் பாசியில் இருக்கும் மீத்தேன் தின்னும் பாக்டீரியாக்கள் கணிசமாக அதைக் குறைத்துவிடும். ஏரியாக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

கே: அந்த நிலத்தில் பயிர் வைத்துப் பிழைப்பவர்கள் எங்கே போவார்கள்? இதையும் யோசித்தீர்களா?

ப: நியாயமான கேள்வி, இதைத் தாண்டிப் போகிற எந்த மீட்புத் திட்டமும் காகிதத்தில்தான் நிற்கும்.

முதலில் ஒரு உண்மை. அந்த விவசாயத்துக்கே ஆயுள் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851 வாக்கில், ஏரியை வடிக்கும்போது, நிலம் எவ்வளவு தாழும் என்று பார்க்க ஓர் இரும்புத் தூணை, தலை தரைமட்டத்தில் இருக்கும்படி இறக்கினார்கள். இன்று அந்தத் தூண் தரைக்கு மேல் சுமார் நான்கு மீட்டர் நிற்கிறது. தூண் அசையவில்லை, நிலம்தான் இறங்கியது. அதில் பெரும்பகுதி முதல் நாற்பது ஆண்டுக்குள்ளேயே. தண்ணீர் போனதும் பீட் அமுங்கியது, சுருங்கியது, பிறகு காற்றுப் பட்டு மக்கிக் காற்றோடு போனது. நிலம் தாழத் தாழ இன்னும் ஆழமாக வடிகால் வெட்ட வேண்டும், பம்ப் வைத்து இறைக்க வேண்டும், அதனால் இன்னும் தாழும். கடைசியில் பீட் தீர்ந்து அடிக்களிமண் வந்துவிடும். அந்த வட்டாரம் இப்போது கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது.

மாற்று, ஈரத்திலேயே விளைகிறதை விளைவிப்பது. ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்ட் வட்டாரத்து ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டாகப் பேசிவருகிறார்கள், செய்தும் காட்டுகிறார்கள்: கூரைக்கு நாணல், கட்டட வெப்பத்தடுப்புப் பலகைக்குச் சம்பு, நாற்றங்கால் கலவைக்குப் பயிரிட்ட ஸ்பாக்னம், மேய்ச்சலுக்கு எருமை. இந்தோனேசியத் தீவுகளில் சவ்வரிசிப் பனை ஏற்கெனவே ஈரப் பீட்டில் வளர்கிற உணவுப் பயிர். இவற்றுக்குச் சந்தை இன்னும் சின்னது, அறுவடை இயந்திரம் விலை அதிகம், மானியமோ பெரும்பாலும் காய்ந்த நிலப் பயிருக்கே போகிறது. இந்த மூன்றாவது விஷயத்தை மாற்றாமல் விவசாயியைப் பார்த்து "நீ தியாகம் செய்" என்பது எனக்கு ஒப்பவில்லை. முழுசாக நனைக்க முடியாத இடத்தில் நீர்மட்டத்தைப் பாதியாவது உயர்த்தலாம். பத்து சென்டிமீட்டர் உயர்ந்தாலும் வெளியேற்றம் குறைகிறது.

கே: மீட்ட நிலம் பழைய நிலம் மாதிரியே ஆகிவிடுமா?

ப: ஓரளவுக்கு. உலகெங்கும் 600-க்கும் மேற்பட்ட ஈரநிலங்களைத் தொகுத்து 2012-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நூறு ஆண்டு கடந்த பிறகும், மீட்டவற்றில் உயிரினச் செழிப்பும் அமைப்பும் சராசரியாக 26 சதவீதமும், கார்பன் சேமிப்பு போன்ற செயல்பாடுகள் 23 சதவீதமும், தொடாத நிலங்களைவிடக் குறைவாகவே இருந்தன. பெரிய நிலங்களும் வெப்பமான பகுதி நிலங்களும் ஆற்றோடு தொடர்புள்ளவையும் சீக்கிரம் தேறின. குளிர்ப்பகுதியில் தனியாகக் கிடக்கும் சின்ன நிலங்கள் தவழ்ந்தன. "இங்கே அழித்துவிட்டு அங்கே ஒன்று புதிதாகச் செய்து தருகிறோம்" என்று யாராவது வந்தால் இந்த எண்களை நீட்டுங்கள்.

அதற்காகச் சோர்ந்தும் போக வேண்டாம். ஃப்ளோரிடாவில் 166 கிலோமீட்டர் வளைந்து ஓடிய கிஸிம்மி ஆற்றை, வெள்ளம் தடுக்கிறோம் என்று 1962 முதல் 1971 வரை 90 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கால்வாயாக்கினார்கள். சமவெளிச் சதுப்பு காய்ந்தது, பறவைகள் போய்விட்டன. 1999-ல் அதே கால்வாயின் நடுப்பகுதியை மண் போட்டு மூடத் தொடங்கி 2021-ல் முடித்தார்கள். ஆறு பழைய வளைவுகளைத் தேடிக்கொண்டது, நீர்ப்பறவைகளும் திரும்பின. வெட்டினதும் அரசுப் பணம், மூடினதும் அரசுப் பணம் என்பதை அந்த ஊர் வரி கட்டுகிறவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ.

தெற்கு ஈராக்கின் சதுப்புகள் இன்னொரு ரகம். 1990-களில் திட்டமிட்டு வடிக்கப்பட்டு பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. 2003-ல் ஆட்சி கவிழ்ந்ததும் ஊர்க்காரர்களே கரைகளை உடைத்துத் தண்ணீரை விட்டார்கள். சில ஆண்டுகளில் பெரும்பகுதியில் நாணல் திரும்பியது. ஆனால் மேலே அணைகள், நடுவே வறட்சி, வருகிற தண்ணீரிலும் உப்பு. நாணல் வந்த வேகத்திலேயே பல இடங்களில் போயும் விட்டது. கரையை உடைக்க ஊராரால் முடிந்தது. மேலிருந்து வருகிற தண்ணீருக்கு அண்டை நாட்டோடு அல்லவா பேச வேண்டியிருக்கிறது?

கே: எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்களா, இன்னும் எங்காவது ஒளிந்திருக்கிறதா?

ப: காங்கோ படுகையின் நடுவில் 1,45,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பீட் இருக்கிறது, அதில் 30 பில்லியன் டன் கார்பன் இருக்கலாம் என்று வரைபடம் போட்டு வெளியிட்டதே 2017-ல்தான். சதுப்புக் காட்டுக்குள் இடுப்பளவு சேற்றில் நடந்து, கம்பி இறக்கி ஆழம் பார்த்துத்தான் அதைச் செய்தார்கள். நல்லவேளை, அங்கே இன்னும் பெரிதாக வாய்க்கால் வெட்டவில்லை. எண்ணெய்க்கு ஏலம் விடும் பேச்சு மட்டும் அவ்வப்போது கிளம்புகிறது.

கே: மாடித்தோட்டத்துக்குப் பீட் கலந்த மண் கலவை வாங்கலாமா? செடி நன்றாக வருகிறதே!

ப: வரும். ஆயிரம் வருஷத்துச் சேமிப்பாயிற்றே, வராமல் என்ன? தென்னை நார்க்கழிவும் மக்கிய இலையுரமும் கலந்து வையுங்கள், அதிலும் வரும். பையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பீட் என்றோ ஸ்பாக்னம் பீட் மாஸ் என்றோ போட்டிருக்கிறதா என்று மட்டும் வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். "கோகோ பீட்" என்று போட்டிருந்தால் பயம் வேண்டாம், அது தேங்காய் நார்தான்.